மண்டப மேடையில் தெளிவான போட்டோ: காம்பாக்ட் கேமராவே போதும்

பள்ளி ஆண்டு விழா, பரதநாட்டிய அரங்கேற்றம், வள்ளி கும்மி, பட்டிமன்றம் என்று சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் மண்டப மேடைகளில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடந்து கொண்டுதான் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை மேடை ஏறுகிறது என்றால் கேமராவும் கையுமாகப் போய் விடுகிறோம். இருநூறு படம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது: முகம் மஞ்சள், கை இருக்க வேண்டிய இடத்தில் புகை போல ஒரு கோடு, பின்னால் ஒரே இருட்டு. பகலில் வாசலில் எடுத்தால் கண்ணாடி போலப் படம் தரும் அதே கேமராதான் இது.

அரங்கேற்றம் ஒரு முறைதான் நடக்கும். "இன்னொரு தடவை ஆடு கண்ணு, படம் சரியா வரலை" என்று கேட்க முடியாது. எனவே நிகழ்ச்சிக்கு முன்பே சில விஷயங்களைப் புரிந்து வைத்துக் கொள்வது நல்லது. விலை உயர்ந்த எஸ்.எல்.ஆர். கேமரா இல்லாமலே, பீரோவில் கிடக்கும் காம்பாக்ட் கேமராவைக் கொண்டு நல்ல படங்கள் எடுக்கும் வழிகளை இங்கே பார்க்கலாம்.

ஏன் இப்படி ஆகிறது?

நடுப்பகல் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப் லைட்டும் சில போகஸ் லைட்டுகளும் போட்ட மண்டப மேடையில் 300 லக்ஸ் என்று வைத்துக் கொள்வோம். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்றபடி தன்னைப் பழக்கிக் கொள்வதால் இந்த முந்நூறு மடங்கு வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. கேமராவுக்குத் தெரியும்.

இதோடு இன்னொரு பிரச்னை சென்சாரின் அளவு. சாதாரண காம்பாக்ட் கேமராக்களில் உள்ள 1/2.3 இன்ச் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர்தான். சோனி 2012ல் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 கேமராவில் உள்ள 1 இன்ச் சென்சாரின் பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். புல் பிரேம் கேமராவில் இது 864 சதுர மில்லிமீட்டர். மழை பெய்யும் போது வாசலில் தட்டு வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. பாத்திரம் சிறியது என்றால் கிடைக்கும் வெளிச்சத்தை வீணாக்காமல் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

முதலில் பிளாஷை அணையுங்கள்

இருட்டு என்றதும் ஆட்டோ மோடில் கேமரா தானாகவே பிளாஷ் அடிக்கும். காம்பாக்ட் கேமராவின் பிளாஷ் மூன்று முதல் ஐந்து மீட்டர் தூரம் வரைதான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. பத்தாவது வரிசையில் உட்கார்ந்து பிளாஷ் அடித்தால் முன் வரிசைக்காரரின் தலை பளிச்சென்று வரும், மேடை இருண்டு போகும். பிளாஷ் அடித்த தைரியத்தில் பல கேமராக்கள் ஐ.எஸ்.ஓ. அளவையும் குறைத்து விடுவதால் படம் இன்னும் மோசமாகும்.

ஆடுகிறவர் கண்ணில் பிளாஷ் அடிப்பது அவர் கவனத்தையும் கெடுக்கும். எனவே மின்னல் குறியுள்ள பட்டனை அழுத்தி, குறுக்குக் கோடு போட்ட மின்னல் குறியைத் தேர்ந்தெடுங்கள். அப்படியே மெனுவில் ஏ.எப். அசிஸ்ட் லைட் என்பதையும் அணைத்து விடுங்கள். ஆரஞ்சு அல்லது பச்சை நிறத்தில் எரியும் அந்தச் சிறு விளக்கு மேடை வரை எட்டாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு மட்டுமே.

மூன்று எண்கள்

படத்தின் வெளிச்சத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

1. அபெர்ச்சர்: லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. எண் சிறியதானால் திறப்பு பெரியது. எப் 2.0 என்பது எப் 4.9ஐ விட ஆறு மடங்கு வெளிச்சம் விடும்.

2. ஷட்டர் வேகம்: எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. நேரம் கூடினால் வெளிச்சம் கூடும், ஆனால் ஆடுகிறவரின் அசைவு படத்தில் இழுபடும்.

3. ஐ.எஸ்.ஓ.: கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது. கூட்டினால் படம் பிரகாசமாகும், கூடவே நாய்ஸ் எனப்படும் புள்ளிகளும் வரும்.

300 லக்ஸ் வெளிச்சமுள்ள மேடைக்குக் கணக்குப் போட்டால் தேவைப்படும் ஷட்டர் வேகம் சுமாராக இப்படி வரும்.

ஐ.எஸ்.ஓ. 100: எப் 2.0ல் 1/30 செகண்ட், எப் 4.9ல் 1/5 செகண்ட்
ஐ.எஸ்.ஓ. 400: எப் 2.0ல் 1/125, எப் 4.9ல் 1/20
ஐ.எஸ்.ஓ. 800: எப் 2.0ல் 1/250, எப் 4.9ல் 1/40
ஐ.எஸ்.ஓ. 1600: எப் 2.0ல் 1/500, எப் 4.9ல் 1/80

இனி எவ்வளவு வேகம் தேவை என்று பார்ப்போம். கும்மியில் கை செகண்டுக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஷட்டர் 1/60 செகண்ட் திறந்திருந்தால் அந்த நேரத்தில் கை 5 சென்டிமீட்டர் நகர்ந்து விடும். விரல்கள் புகையாகி விடும். 1/250 என்றால் நகர்வு 1.2 சென்டிமீட்டர்தான், கண்ணுக்கு உறுத்தாது. பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 800, எப் 2.0 இருந்தால் 1/250 கிடைக்கிறது. முழு ஜூமில் எப் 4.9 ஆகிவிட்டால் 1/40தான்.

ஜூம் என்னும் பொறி

மண்டபத்தில் பலரும் மாட்டிக் கொள்வது இங்கேதான். கேனான் 2010ல் வெளியிட்ட பவர்ஷாட் எஸ்.95 கேமராவின் பெட்டியில் எப் 2.0 லென்ஸ் என்று இருக்கும். அது ஜூம் செய்யாத 28 மி.மீ. நிலையில் மட்டும்தான். 105 மி.மீ. வரை ஜூம் செய்தால் எப் 4.9 ஆகி விடும். சோனி ஆர்.எக்ஸ்.100ம் அப்படித்தான், எப் 1.8ல் தொடங்கி எப் 4.9ல் முடியும். மாறாக, பானாசோனிக் 2008ல் கொண்டு வந்த எல்.எக்ஸ்.3ல் ஜூம் 60 மி.மீ. வரைதான், ஆனால் கடைசி வரை எப் 2.8க்குக் கீழே இறங்காது. மேடைக்கு இந்த வகைதான் வசதி. உங்கள் கேமராவின் லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். இரண்டாவது எண்தான் முழு ஜூமின் திறப்பு.

எனவே ஜூம் செய்வதற்குப் பதில் நீங்கள் முன்னே போங்கள். ஆடுகிறவரிடமிருந்து 5 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால், 28 மி.மீ. நிலையில் சுமார் ஆறு மீட்டர் அகலம் படத்தில் விழும். மேடை முழுவதும் வந்து விடும். அதே இடத்திலிருந்து கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி 60 மி.மீ. வரை ஜூம் செய்தால் சுமார் மூன்று மீட்டர் உயரம் விழும். ஒற்றை ஆள் தலை முதல் கால் வரை தாராளமாக வருவார். இதற்கு மேல் ஜூம் தேவையே இல்லை.

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள். மேடையின் நேர் நடுவை விடச் சற்று ஓரமான இருக்கை நல்லது. மைக் ஸ்டாண்டு முகத்தை மறைக்காது. மிகவும் ஒட்டி உட்கார்ந்தால் மேடை விளிம்பு ஆடுகிறவரின் பாதத்தை வெட்டி விடும். பரதநாட்டியத்தில் பாதம் இல்லாத படம் பாதிப் படம்தான்.

கேமராவில் செய்ய வேண்டியவை

நிகழ்ச்சிக்கு முதல் நாளே வீட்டில் இவற்றை வரிசையாகச் செய்து வையுங்கள்.

1. மோடு டயலை ஆட்டோவிலிருந்து மாற்றுங்கள். ஏ அல்லது ஏ.வி. இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, எப் எண்ணை இருப்பதிலேயே சிறியதாக வையுங்கள். அந்த வசதி இல்லாத கேமராவில் பி மோடு போதும்.

2. ஐ.எஸ்.ஓ.வை 800ல் வையுங்கள். ஷட்டர் வேகம் போதவில்லை என்றால் 1600. புள்ளிகள் உள்ள படத்தைக் கம்ப்யூட்டரில் சரி செய்யலாம். இழுபட்ட படத்தை எந்த சாப்ட்வேராலும் முழுமையாக மீட்க முடியாது. எனவே இரண்டில் ஒன்று என்றால் புள்ளிகளையே ஏற்றுக் கொள்ளுங்கள்.

3. படத்தின் தரத்தை உச்சத்தில் வையுங்கள். ரா பைல் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

4. இமேஜ் ஸ்டெபிலைசேஷன் இயங்கட்டும். ஆனால் இது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே ஈடு செய்யும். ஆடுகிறவரின் அசைவை நிறுத்தாது.

5. டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். அது செய்வதை வீட்டில் கம்ப்யூட்டர் இன்னும் நன்றாகச் செய்யும்.

6. திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள், பீப் ஒலியை நிறுத்துங்கள்.

7. தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பழைய கேமராக்கள் வெகுநாள் பேட்டரி இல்லாமல் கிடந்தால் கடிகாரத்தை மறந்து விடும். பிறகு படங்களை வரிசைப்படுத்துவது சிரமம்.

பழைய கேமராவைத் திரும்ப எடுப்பவர்கள் மெமரி கார்டையும் கவனிக்க வேண்டும். 2006ல் எஸ்.டி.எச்.சி. வகை வருவதற்கு முன் தயாரான கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையுள்ள எஸ்.டி. கார்டை மட்டுமே ஏற்கும். கடையில் 64 ஜிபி கார்டு வாங்கிப் போட்டால் படிக்காது. மங்கிய வெளிச்சத்துக்குப் பெயர் பெற்ற 2006ன் பியூஜிபில்ம் எப்.31எப்.டி. போன்றவற்றுக்கு எக்ஸ்.டி. பிக்சர் கார்டு தேவை. அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மேடையின் பின்னணி ஏமாற்றும்

கேமரா தான் காணும் காட்சியைச் சராசரியாக்கிப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. பின்னால் கறுப்புத் திரை இருந்தால் எல்லாம் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டி விடும். முகம் வெளுத்துப் போகும். அப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1ல் வையுங்கள். ஷட்டர் வேகமும் கூடும், இரட்டை லாபம்.

இப்போது பல மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைக்கிறார்கள். அதில் பளிச்சென்ற படம் ஓடினால் கதை தலைகீழ். ஆடுகிறவர் நிழல் உருவமாகி விடுவார். பிளஸ் 2/3 முதல் பிளஸ் 1 வரை கூட்ட வேண்டும். ஸ்பாட் மீட்டரிங் வசதி இருந்தால் முகத்தை மட்டும் அளந்து கொள்ளலாம். மேடை விளக்கு மாறாமல் இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்து, முகம் சரியாக வந்த எண்களை எம் மோடில் அப்படியே போட்டு விடுங்கள். பிறகு பின்னணி எப்படி மாறினாலும் கவலையில்லை.

மஞ்சள் முகமும் நீல முகமும்

ஹாலஜன் விளக்கில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் முகத்தை மஞ்சளாக்கும். பல்பு படம் போட்ட டங்ஸ்டன் செட்டிங்கைத் தேர்ந்தெடுங்கள். டியூப் லைட் மட்டும் என்றால் புளோரசன்ட். இரண்டும் கலந்திருந்தால் ரா பைலில் எடுத்து வீட்டில் சரி செய்வதே வழி.

எல்.இ.டி. கலர் விளக்குகள் வேறு மாதிரி. முழுச் சிவப்பு அல்லது முழு நீல வெளிச்சம் விழும்போது சென்சாரில் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து விடும். கண், மூக்கு எதுவும் தெரியாமல் முகம் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கும். இதை எந்த ஒயிட் பேலன்ஸும் காப்பாற்றாது. வெள்ளை விளக்கு வரும் வரை காத்திருங்கள். காத்திருக்க முடியாத தருணம் என்றால் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுத்து, பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள்.

டியூப் லைட் விஷயத்தில் ஒரு சிறு குறிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே சாதாரண சோக் போட்ட டியூப் லைட் செகண்டுக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. 1/50, 1/100 வேகங்களில் முழுச் சுற்றும் அடங்குவதால் படங்கள் ஒரே சீராக வரும். 1/250ல் எடுத்தால் ஒரு படம் பளிச், அடுத்த படம் மங்கல் என்று மாறலாம். கேமராவில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். மூன்று நான்கு படம் தொடர்ந்து எடுத்து நல்லதை வைத்துக் கொள்ளுங்கள்.

எப்போது அழுத்துவது?

நல்ல மேடைப் படத்தின் ரகசியம் கேமராவில் பாதி, தாளத்தில் பாதி. எந்த ஆட்டத்திலும் உடல் ஒரு கணம் நிற்கும் இடங்கள் உண்டு. அவற்றைப் பிடித்தால் 1/60 கூடப் போதும்.

பரதநாட்டியத்தில் ஜதி முடியும் தீர்மானத்தின் கடைசி அடியில் ஆடுகிறவர் ஒரு நிலையில் நிற்பார். அந்த இடம் வருவதை நட்டுவாங்கத்தின் தாளமே சொல்லி விடும். அபிநயப் பகுதிகளில் முகபாவம் சில செகண்ட் நீடிக்கும். நெருக்கமான படங்களுக்கு அதுவே நேரம். குதித்துத் திரும்பும் அடவுகளில், குதிப்பின் உச்சியில் உடல் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு நொடிப்பொழுது நிற்கும்.

வள்ளி கும்மி நம் கொங்கு மண்ணின் ஆட்டம். முருகன், வள்ளி கதையைப் பாடிக் கொண்டே ஆடுவது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் இந்தக் கலைக்காக 2024ல் பத்மஸ்ரீ பெற்ற பிறகு வெளியூரிலும் பலருக்கு இதன் பெயர் தெரிந்தது. இதில் எல்லோரும் ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்ந்து கை தட்டுவார்கள். இரண்டு கைகளும் சேரும் கணத்தில் வேகம் ஏறத்தாழ பூஜ்யம். அப்போது அழுத்தினால் வரிசையில் உள்ள அத்தனை கைகளும் தெளிவாக வரும். இடைப்பட்ட நேரத்தில் அழுத்தினால் அத்தனை கைகளும் மங்கும். நான்கைந்து சுற்று கேமராவைத் தொடாமல் தாளத்தை மட்டும் கேளுங்கள். பிறகு எடுங்கள்.

காம்பாக்ட் கேமராவில் பட்டனை அழுத்தியதும் உடனே படம் விழாது, முதலில் போகஸ் தேடும். அதற்குள் கணம் போய்விடும். இதற்குத் தீர்வு, பட்டனைப் பாதி அழுத்திப் போகஸைப் பிடித்து வைத்துக் கொண்டு, தாளம் வரும்போது முழுவதும் அழுத்துவது. இருட்டில் போகஸ் கிடைக்காமல் தவித்தால் அதே தூரத்தில் உள்ள மைக் ஸ்டாண்டு, நகையின் மினுமினுப்பு, சேலைக் கரை போன்ற பளிச்சென்ற ஒன்றைக் குறி வையுங்கள்.

கேமராவை நீட்டிய கையில் பிடிக்காதீர்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கொள்ளுங்கள், அல்லது முன் நாற்காலியின் முதுகில் ஊன்றுங்கள். கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி முன்னால் இழுத்துப் பிடித்தாலும் நடுக்கம் குறையும்.

நமக்குத் தேவையான ஷட்டர் வேகங்கள் சுருக்கமாக:

பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி: 1/60
பரதநாட்டியம், நிற்கும் நிலைகள்: 1/125
அடவுகள், கும்மி, ஒயிலாட்டம்: 1/250

செல்போன் போதாதா?

போதும், சில சமயம். செல்போனின் நைட் மோடு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. அசையாத மேடை அலங்காரத்துக்கு அது அருமை. ஆடுகிறவர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால் அடுக்கும்போது மங்கி விடுவார். ஆட்டத்துக்கு நைட் மோடை அணைத்து விடுங்கள். எல்.இ.டி. விளக்கில் செல்போன் படங்களில் குறுக்கே கோடுகள் விழுவதும் உண்டு. சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் வருவது இது. பல காம்பாக்ட் கேமராக்களில் லென்ஸுக்குள்ளேயே இலை வடிவ ஷட்டர் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகு

கேமராவின் சிறு திரையைப் பார்த்து எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். முதலில் கார்டு ரீடர் மூலம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு போல்டருக்கு காப்பி செய்யுங்கள். உடனே பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ இன்னொரு காப்பி. இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை பார்மட் செய்யலாம். தவறுதலாக அழிந்து விட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காமல், போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கிடைத்து விடும்.

அடுத்து இர்பான்வியூ போன்ற ஒரு சாப்ட்வேரில் படங்களை வேகமாகப் புரட்டி, கண்கள் தெளிவாக உள்ளவற்றை மட்டும் தனி போல்டருக்கு மாற்றுங்கள். இருநூறில் இருபது தேறினால் நல்ல வேலை என்றே சொல்ல வேண்டும்.

ரா பைல்களை ராதெரபி, டார்க்டேபிள் ஆகிய இலவச சாப்ட்வேர்களில் திறக்கலாம். முதலில் ஒயிட் பேலன்ஸ், பிறகு எக்ஸ்போஷர், கடைசியாக நாய்ஸ் ரிடக்ஷன் என்ற வரிசையில் செல்லுங்கள். நாய்ஸ் ரிடக்ஷனை அதிகம் இழுத்தால் முகம் மெழுகு பொம்மை போலாகும். நிறப் புள்ளிகளை நீக்கி, மற்றதைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். உங்கள் பழைய கேனான் காம்பாக்ட்டில் ரா வசதி இல்லையென்றால் சி.எச்.டி.கே. என்று ஒன்று உண்டு. மெமரி கார்டிலிருந்தே இயங்கும் இந்தச் சிறு புரோகிராம் பல பவர்ஷாட், இக்சஸ் மாடல்களுக்கு ரா வசதியைத் தருகிறது. இது கேனான் நிறுவனம் தருவது அல்ல. எனவே உங்கள் மாடலுக்கும் அதன் பர்ம்வேர் எண்ணுக்கும் உரியதைச் சரியாகப் பார்த்து, உங்கள் பொறுப்பில் பயன்படுத்த வேண்டும்.

திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து மனம் நொந்து போகாதீர்கள். 4க்கு 6 இன்ச் பிரிண்ட்டுக்கு 300 டி.பி.ஐ. கணக்கில் 1200க்கு 1800 பிக்சல், அதாவது சுமார் 2 மெகாபிக்சல்தான் தேவை. 10 மெகாபிக்சல் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கும்போது நான்கைந்து பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. புள்ளிகளும் ஏறத்தாழ பாதியாகக் குறைகின்றன. ஐ.எஸ்.ஓ. 1600ல் எடுத்த படம் ஆல்பத்தில் நன்றாகவே இருக்கும்.

திருத்திய படத்தை எப்போதும் வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஒரிஜினல் தொடப்படாமல் இருக்கட்டும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாகுமென்ட் ஆக அனுப்பினால் படத்தின் தரம் குறையாது.

கடைசியாக ஒரு வார்த்தை

நிகழ்ச்சி நடத்துபவரிடமோ நாட்டிய ஆசிரியரிடமோ முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முடிந்தால் முதல் நாள் ஒத்திகைக்குப் போக அனுமதி வாங்குங்கள். அதே ஆடை, அதே விளக்கு இருந்தால் பின்னால் இருப்பவரை மறைக்கும் கவலையின்றி நின்று எடுக்கலாம், எந்த ஜதிக்குப் பின் எந்த நிலை வரும் என்றும் தெரிந்து விடும். மற்ற பிள்ளைகளின் படங்களை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் போட வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் எடுங்கள், நடுவில் ஒரு பத்து நிமிடம், முடிவில் மங்களம். மீதி நேரம் கேமராவை மடியில் வைத்து விட்டு ஆட்டத்தைப் பாருங்கள். மேடையிலிருந்து பிள்ளை தேடுவது உங்கள் முகத்தைத்தான், லென்ஸை அல்ல.